லக்ஸ் பக்கமும் தலைமன்னார்க் கப்பலும்: பழைய அழகு விளம்பரங்கள் ஏன் இழுக்கின்றன?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, எங்கள் அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய கல்கி, குமுதம் பக்கங்கள் ஒரு கட்டு கிடைத்தது. கதையைவிட லக்ஸ் சோப்பு, குட்டிகூரா பவுடர், கேசவர்த்தினி கூந்தல் தைலம், ஐடெக்ஸ் கண்மை விளம்பரங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நான் பிறப்பதற்கு முன்னால் வந்தவை. எனக்கு ஏன் இந்த ஏக்கம்? அந்தக் கால விளம்பரம் உண்மையிலேயே உசத்தியா? எது எந்த வருஷத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எப்படிப் பத்திரப்படுத்துவது?"

ராமநாதபுரத்தில் வளையல், பவுடர், சோப்பு விற்ற குடும்பம் எங்களுடையது. கம்பெனி ஏஜென்ட் வந்து கடை முகப்பில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போகும் தகரப் பலகைகளையும், பார்சலோடு வரும் அட்டைப் படங்களையும் பார்த்து வளர்ந்தவள் நான். கிடைத்ததையெல்லாம் இன்றைக்கும் சேர்த்து வைக்கிறேன். அதனால் விரிவாகவே சொல்கிறேன் தம்பி.

முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். நம் கடற்கரையில் விளம்பரம் ஒரு வழியாக வந்தது, பொருள் வேறு வழியாக வந்தது. இரண்டுக்கும் நடுவே வாரக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் மனசு செய்துகொண்ட அழகுதான் அந்தப் பக்கங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் அப்பத்தா காத்திருந்த காத்திருப்பை நீங்கள் காகிதத்தில் பார்க்கிறீர்கள். அந்தக் காத்திருப்பு உங்கள் தலைமுறைக்குக் கிடைக்கவில்லை. பிறப்பதற்கு முந்தைய ஒன்றுக்காக ஏங்குவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

காகிதத்தில் வந்தது ரயிலில் வந்தது. கல்கி 1941-ல் தொடங்கியது, குமுதம் 1947-ல். மெட்ராஸில் அச்சாகி, பாம்பன் பாலம் தாண்டி ராமேசுவரம் வந்து சேரும்போது இதழ் பழசாகியிருக்கும், ஆனால் யாரும் அதைப் பழசாக நினைத்ததில்லை. ஒரு வீட்டில் வாங்கினால் தெருவே படிக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்குத் தெரிந்த பெண்பிள்ளை வாசித்துக் காட்டும். தொடர்கதை முடிந்ததும் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டுப் புத்தகமாக்கி வைப்பார்கள். உங்கள் கட்டும் அப்படித் தைத்ததாகத்தான் இருக்கும். ஓரத்தில் வரிசையாக ஓட்டை இருக்கிறதா பாருங்கள். கதைக்காகக் காப்பாற்றிய தாளின் மறுபக்கத்தில்தான் விளம்பரங்கள் பிழைத்துக் கிடக்கின்றன. பாதி முகம் தையலுக்குள் போயிருக்கும், சோப்புக் கட்டி மட்டும் முழுசாக இருக்கும்.

ஒரு லக்ஸ் பக்கத்தை எடுத்து மெதுவாகப் பாருங்கள். லக்ஸ் குளியல் சோப்பு இந்தியாவுக்கு வந்தது 1929-ல். 1941-ல் லீலா சிட்னிஸ் அதன் விளம்பரத்தில் வந்த முதல் இந்திய நடிகையானார். அதற்குப் பிறகு வைஜயந்திமாலா, பத்மினி, சாவித்திரி என்று வரிசை நீண்டது. முகம் பெரும்பாலும் கொஞ்சம் சாய்ந்திருக்கும், பார்வை நம் தோளுக்கு மேலே எங்கோ போகும். நெற்றிப் பொட்டும் காதோரச் சுருள் முடியும் புகைப்படத்தின் மேல் தூரிகை வைத்துத் திருத்தியவை. உற்றுப் பார்த்தால் புருவத்தின் முனையில் தூரிகை நின்ற இடம் தெரியும். கீழே நட்சத்திரமே நம்மிடம் பேசுவதுபோல் நாலைந்து வாக்கியம். வலது மூலையில் உறையோடு ஒரு சோப்பு, உறை பிரித்த ஒரு சோப்பு. ஒரு முழுப் பக்கத்தை ஒரு முகத்துக்கும் ஒரு கட்டிக்கும் கொடுத்துவிட்டு, மிச்ச இடத்தை வெறுமையாக விட்டிருப்பார்கள். அந்த நிதானம் இன்றைய விளம்பரத்தில் இல்லை.

காதில் வந்தது கடல் தாண்டி வந்தது. இதை மற்ற ஊர்க்காரர்களைவிட நாம் உரிமையோடு சொல்லலாம். 1952-ல் மத்திய அமைச்சராக வந்த பி.வி.கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவடைத்தார். நாடே இலங்கை வானொலிப் பக்கம் திரும்பியது. அந்த வருஷம்தான் அங்கே இந்தியில் பினாகா கீத்மாலா தொடங்கியது, ஒரு பற்பசைக் கம்பெனியின் செலவில். தமிழில் அறிவிப்பாளர்கள் மயில்வாகனம், பிறகு கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத். மதுரைக்காரர்கள் முள்ளைத் திருகித் திருகிப் பிடித்த அலைவரிசை நமக்குப் பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி கேட்டது. தனுஷ்கோடி முனைக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் அளவுக்குத்தான் கடல். அகில இந்திய வானொலியின் விவித் பாரதியில் விளம்பரம் வந்தது 1967-ல். அதுவரை வானொலியில் விளம்பரம் என்றாலே நமக்கு இலங்கைதான். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே ஓர் அறிவிப்பாளர் பவுடரின் பெயரைச் சொல்லும் விதத்திலேயே அதன் வாசனை வரும். வலை பின்னிக்கொண்டிருந்தவர்களும் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களும் அதைக் கேட்டார்கள்.

பொருள் வந்த வழி இன்னொன்று. 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்கு போட் மெயில் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு ராமேசுவரத்திலிருந்தே கப்பல் போனது. 'ராமானுஜம்' கப்பலைச் சொன்னால் இன்றைக்கும் கண் விரியும் பெரியவர்கள் ராமேசுவரத்தில் இருக்கிறார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த மாமா ராணி சந்தன சோப்புக் கொண்டுவருவார். கீழக்கரை, தொண்டி, பெரியபட்டினம் பக்கம் என்றால் சிங்கப்பூர், பினாங்கு, பிறகு வளைகுடா. சபுராளி, அதாவது கடல் தாண்டிச் சம்பாதிக்கப் போனவர், வந்து இறங்கிய வீட்டில் பெட்டி திறக்கும்போது நீல டப்பா நிவியா, யார்ட்லி பவுடர், கோடாலித் தைலம், வழவழவென்று நைலக்ஸ் சேலை. இலங்கை 1977-ல் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு 'குருவி' என்று பெயர் வாங்கி, கப்பலில் போய்ச் சரக்கு வாங்கி வந்து விற்பதே பலருக்குப் பிழைப்பானது.

இங்கேயோ சுதந்திரத்துக்குப் பிறகு அன்னியச் செலாவணியைக் காப்பாற்ற அழகுப் பொருள் இறக்குமதியை இறுக்கிவிட்டார்கள். 1952-ல் டாட்டாக்கள் லக்மே தொடங்கியதே அந்தச் செலாவணிக் கவலையில்தான் என்பார்கள். வெளியிலிருந்து வருவதற்குக் கட்டுப்பாடு, உள்ளூரில் கிடைப்பது கொஞ்சம், படத்தில் தெரிவது நிறைய. ஆசை வளர இதைவிட நல்ல மண் வேறு கிடையாது.

காத்திருந்த பெண்கள் சும்மா இருக்கவில்லை. இந்தப் பகுதியை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சோப்பு வாங்க முடியாதவர்கள் விளம்பரத்தையே பயன்படுத்தினார்கள். பக்கத்தைக் கிழித்துக்கொண்டு தையல்காரரிடம் போய், "இந்தக் கை மாதிரி பஃப் வை" என்பார்கள். பவுடர் விளம்பரத்தில் இருந்த பெண்ணின் கழுத்து வெட்டு பாம்பனில் ஜாக்கெட்டில் ஏறும். கொண்டை எப்படிச் சுற்றியிருக்கிறது, பூ எந்தப் பக்கம், காதுக்கும் கம்மலுக்கும் நடுவே முடி எவ்வளவு, எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து பாடம் ஆனது. அச்சில் இருந்தது மல்லிகை. இங்கே கிடைத்தது தாழம்பூ, அதை மடித்துப் பின்னலில் செருகிக்கொண்டார்கள். ஐடெக்ஸ் டப்பா வாங்க வழியில்லாத வீட்டில் விளக்கெண்ணெய்த் திரியின் கரியைப் பிடித்து மை கூட்டி, பழைய ஐடெக்ஸ் டப்பாவிலேயே அடைத்து வைத்தார்கள். ஐடெக்ஸ் 1938-ல் மெட்ராஸில் தொடங்கிய கம்பெனியின் சரக்கு. கண்மையைக் கடையில் வாங்கலாம் என்பதே அப்போது புதுசு. குட்டிகூராவின் ஆரஞ்சு டப்பா தீர்ந்த பிறகும் வீட்டைவிட்டுப் போகாது. மூடியைத் திருகினால் திறக்கும் அந்தச் சின்ன ஓட்டைகளைக் கத்தி முனையால் கீறி உண்டியலாக்குவார்கள். எங்கள் கடைக்கு அப்படிப்பட்ட டப்பாவில் சில்லறை சேர்த்துக் கொண்டுவந்து, அதே பவுடரை வாங்கிப்போன பெண்கள் உண்டு.

இந்த இடைவெளி நம் கரையில் 1980களில் அடைபட்டது. மூன்று காரணங்கள் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன. இலங்கைப் போரால் தலைமன்னார்க் கப்பல் நின்றது. 1982-ல் ரூபவாகினி ஒளிபரப்பு தொடங்கியதும் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி இலங்கை டிவியை நேராகப் பிடித்தார்கள். நம் தூர்தர்ஷனுக்காக ராமேசுவரத்தில் 323 மீட்டர் கோபுரம் எழுந்ததெல்லாம் பிறகுதான். மூன்றாவது பாக்கெட் ஷாம்பு. எனக்கு இதுதான் பெரியதாகப் படுகிறது. கடலூர் சின்னி கிருஷ்ணனின் யோசனை, பணக்காரர் வாங்குவதை ஏழையும் வாங்கும் அளவில் அடைத்து விற்பது. வெல்வெட் ஷாம்பு வந்தது, 1983-ல் அவர் மகன் சி.கே.ரங்கநாதன் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பெட்டிக்கடை வாசலில் சரமாகத் தொங்கிய அந்தப் பாக்கெட்டைப் பாருங்கள்: அதுவே விளம்பரம், அதுவே பொருள். கிழித்து எடுத்தால் கையில். மீன் ஏலம் முடிந்து வரும் பெண் அன்றைய காசிலேயே வாங்கிப் போகலாம். அது நல்ல மாற்றம், எனக்கு அதில் இரண்டு எண்ணம் கிடையாது. ஆனால் கனவு காண நேரம் இல்லாமல் போனதும் அங்கேதான். உங்கள் போனில் படத்தைத் தொட்டால் பார்சல் வருகிறதே, அது அந்தச் சரத்தின் நீட்சி.

இரண்டாவது கேள்வி, அந்தக் கால விளம்பரம் உசத்தியா என்பது. கைவேலையில் உசத்தி, சந்தேகமே வேண்டாம். கோடு போட்டவர்களுக்குத் துணியின் மடிப்பு தெரிந்திருந்தது. மெல்லிய 'வாயில்' துணிச் சேலை விழும் விதமும் பட்டு நிற்கும் விதமும் வேறு வேறாக இருக்கும். எழுத்தும் கையால் எழுதியது, ஒவ்வொரு பெயருக்கும் தனி நடை. தமிழைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். பம்பாயில் எழுதியதை மொழிபெயர்த்த விளம்பரங்களில் வாக்கியம் நொண்டும். மெட்ராஸிலேயே எழுதிய தைல விளம்பரங்களும் கண்மை விளம்பரங்களும்தான் வீட்டுப் பேச்சுபோல ஓடும்.

சொன்ன விஷயத்தில் உசத்தி இல்லை. பம்பாயில் இ.எஸ்.பாட்டன்வாலா 1919-ல் கொண்டுவந்த ஆப்கன் ஸ்நோ முதல் 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி வரை, வெளுப்புதான் அழகு என்று இடைவிடாமல் சொன்னார்கள். அந்தப் பெயரிலிருந்து 'ஃபேர்' போக 2020 ஆக வேண்டியிருந்தது. வழுக்கையில் முடி முளைக்கும், ஒரே வாரத்தில் முகம் மாறும் என்றெல்லாம் அடித்துவிட்டவர்களும் இருந்தார்கள். மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்க 1954-ல் சட்டமே போட்டார்கள்.

நம் கரையில் இது எப்படி விழுந்தது என்பதை மறக்கக் கூடாது தம்பி. பாம்பன் சின்னப்பாலத்துப் பெண்கள் கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறார்கள். விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி எழுகிறார்கள். வெயிலும் உப்பும் ஏறிய அந்த முகத்தை எந்த சோப்பு விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. என் சேகரிப்பில் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. கீழக்கரையில் வெள்ளைத் துப்பட்டிக்குள் அத்தர் மணக்கப் போன பெண்களும் இல்லை. விளம்பரத்தைப் பார்த்துக் கழுத்து வெட்டு கற்றுக்கொண்ட அதே பெண், தன் நிறத்தைப் பற்றி ஒரு குறையையும் அதிலிருந்தே கற்றுக்கொண்டாள். அந்தக் குறையின் பெயரால் தட்டிப்போன கல்யாணங்கள் நம் தெருவில் உண்டு. அந்தப் பக்கங்களை நான் நேசிக்கிறேன், இதையும் அவற்றோடு சேர்த்தே வைத்திருக்கிறேன். ஒன்றுக்காக இன்னொன்றை மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

வருஷம் கண்டுபிடிக்க, முகத்தைப் பார்க்காதீர்கள். நடிகையின் பழைய படத்தை வருஷங்கள் கழித்தும் போடுவார்கள். முதலில் விலையைப் பாருங்கள். அணா, பை என்றிருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன். நயா பைசா, அதாவது ந.பை. என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில், வெறும் பைசா என்றால் அதற்குப் பிறகு. அடுத்தது அடியில் பொடி எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயர். லீவர் பிரதர்ஸ் என்றிருந்தால் முந்தியது, 1956-லிருந்து ஹிந்துஸ்தான் லீவர். முகவரியில் 'மெட்ராஸ்-1' என்று ஊரோடு ஒட்டிய சின்ன எண் இருந்தால் பழசு. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு. இலங்கையின் பெயர் சிலோன் என்று இருக்கிறதா, ஸ்ரீலங்கா என்று இருக்கிறதா? அதுவும் 1972 மே மாதத்தில் மாறியது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை ஆகியவை பழைய கொம்பும் சுழியுமாக அச்சாகியிருந்தால், அநேகமாக 1978 அக்டோபரில் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. ஆனால் பத்திரிகைகள் ஒரே நாளில் மாறவில்லை, சில வருஷம் தாராளமாக விட்டுக் கணக்குப் போடுங்கள்.

காலண்டர் படம் இருந்தால் இன்னொரு துப்பு உண்டு. சிவகாசியில் அச்சான காலண்டரின் அடியில் 'ராமநாதபுரம் மாவட்டம்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 1985-ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரிக்கும் வரை சிவகாசியும் நம் மாவட்டம்தான். தமிழ்நாட்டுச் சுவர்களை நிறைத்த படங்களில் பாதிக்கு நம் மாவட்டத்து முகவரிதான் இருந்தது என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

பத்திரப்படுத்துவது: நம் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே இருக்கும். முதலில் சாவது காகிதம் அல்ல, அதில் அடித்த கம்பி ஊசி. துருப்பிடித்துச் சுற்றிலும் தாளைத் தின்னும். அதைப் பின்பக்கமாக மெல்ல நிமிர்த்தி எடுத்துவிடுங்கள், இழுக்காதீர்கள். அப்பத்தா தைத்த நூலை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள், அதுவும் வரலாறுதான். செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். இரண்டுமே திருப்பி எடுக்க முடியாத காரியம். மரக்கூழ்த் தாள் வெளிச்சத்தில் பழுக்கும், ஆகையால் சட்டம் போட்டு மாட்ட ஆசைப்பட்டால் நகல் எடுத்து மாட்டுங்கள். நல்ல வெள்ளைத் தாளை இடையில் வைத்து, தரையில் படாமல், சுவரை ஒட்டாமல் பெட்டியில் வையுங்கள். பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து போடலாம், தாளைத் தொடாமல் இருக்க வேண்டும். அடைமழை முடிந்து வெயில் வந்ததும் ஒருமுறை நிழலில் பிரித்து ஆற வையுங்கள். விளம்பரத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டாம். பின்பக்கத்துக் கதைதான் அது எந்த இதழ் என்று சொல்லும்.

இதற்கெல்லாம் இடம் உண்டா என்று நினைத்தால், கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகை எழுதிப் பிழைத்தவர். புத்தகம், இதழ், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் சேர்த்தார். அவர் காலமான பிறகு 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியில் அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமானது. பழைய தமிழ் விளம்பரம் பார்க்க நான் அனுப்பும் முதல் இடம் அதுதான். உங்கள் கட்டில் இதழ் பெயரும் தேதியும் தெரிகிற பக்கங்களைப் படமெடுத்து, அங்கே இருக்கும் இதழோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் உடனே செய்யுங்கள். காகிதம் இன்னும் சில வருஷம் தாங்கும். வானொலி விளம்பரங்களில் பெரும்பாலானவை அந்தந்த நேரத்தில் ஒலித்துக் காற்றோடு போனவை. அவை இப்போது நம் ஊர்ப் பெரியவர்களின் தொண்டையில்தான் இருக்கின்றன. உங்கள் அத்தையிடமும் சித்தியிடமும் பவுடர் பாட்டு, தைலப் பாட்டு, சங்கு மார்க் லுங்கி அறிவிப்பு எது நினைவிருக்கிறது என்று கேளுங்கள். வெட்கப்படுவார்கள். நீங்களே தப்பாக ஒரு வரி பாடுங்கள், திருத்துவதற்காகவே முழுசாகப் பாடிவிடுவார்கள். போனில் பதிவு செய்து, யார் பாடியது, எந்த ஊர், எந்த வயதில் கேட்டது என்று அதிலேயே சொல்ல வைத்துவிடுங்கள். விளம்பரக் கட்டைப் படமெடுத்ததும் அனுப்புங்கள் தம்பி. விலையும் முகவரியும் படிக்கும்படி கீழ்ப்பகுதியைத் தனியாகக் கிட்டத்தில் எடுங்கள், வருஷம் பார்த்துச் சொல்கிறேன்.